சலூனில் கேட்ட இரண்டாவது கோல்

எத்திராஜ் என் இடது காதை மடக்கிப் பிடித்திருக்கிறான், அதனால் எனக்கு இப்போது ஒரு காதுதான். மேட்ச் நடக்கும்போது அந்தக் காதைத் தொடாதே என்று எத்தனை தரம் சொல்லியிருப்பேன். மடக்காமல் காதுக்குப் பின்னால் எப்படி வெட்டுவது என்று திருப்பிக் கேட்பான். நியாயம்தான், ஆனால் மைதானம் இருப்பது இடது பக்கம். சலூன் சுவர், அதை ஒட்டிச் சந்து, சந்துக்கு அப்பால் ரயில்வே காம்பவுண்டு, தண்டவாளங்கள், மறுபடி ஒரு சுவர், அந்தச் சுவருக்குப் பின்னால் மூன்லைட் கிளப்பின் மைதானம். அங்கே இந்த நிமிஷம் என் மகள் சங்கவி மஞ்சள் ஜெர்சி போட்டுக்கொண்டு ராயபுரத்தோடு பெண்கள் ஃபுட்பால் ஃபைனல் ஆடுகிறாள். அவளைப் பெற்ற டில்லிபாபு இங்கே கழுத்தில் வெள்ளைத் துணி கட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் உட்கார்ந்திருக்கிறான். கண்ணாடியில் தெரிகிறவனைப் பார்த்தால் மூன்லைட்டுக்காக உயிரை விடுகிறவன் என்று யாராவது சொல்வார்களா? கட்டிங்குக்கு வந்த ஆள் என்றுதான் சொல்வார்கள். உயிரை விடுகிறவனின் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குமே தெரியாது. நான் போனால் மூன்லைட் தோற்கும். இதை நான் கண்டுபிடிக்கவில்லை, பேட்டை கண்டுபிடித்தது. பேட்டை சொல்லச் சொல்ல நானும் சொல்ல ஆரம்பித்தேன், ஒரு கட்டத்தில் பேட்டை சொல்வதை நிறுத்திவிட்டது, நான் நிறுத்தவில்லை. அதனால் பெரிய மேட்ச் அன்றைக்கெல்லாம் எனக்கு எத்திராஜ் சலூன். மேட்ச் முடியும்வரை என்னை எழுந்திருக்க விடாதே என்று அவனிடம் ஒப்பந்தம். கட்டிங், டை, கழுத்தைப் பிடித்து விடுவது, கடைசியில் ஷேவிங், எல்லாம் மாட்டு வண்டி வேகத்தில். தலை கறுத்து வீட்டுக்குப் போனால் வீட்டுக்காரி கஸ்தூரி வாசலிலேயே கேட்டுவிடுவாள், இன்னிக்கு மேட்சா என்று. போனை வீட்டிலேயே வைத்துவிட்டு வருவேன், போனில் ஸ்கோர் கேட்டால் அதுவும் மைதானத்துக்குப் போன மாதிரிதான். இந்தச் சட்டத்தை யார் போட்டது? நான்தான் போட்டிருக்க வேண்டும்.

விட்டான் காதை. உடனே சத்தம் வந்து விழுகிறது, என்ன ஒரு சத்தம், கிட்டத்து சத்தம், உடையாமல் ஒரே மூச்சாக எழும்பி அப்படியே நிற்கிற சத்தம். கோல். நம் கோல். "போட்டாங்கண்ணே" என்கிறான் எத்திராஜ், கத்தரியை நிறுத்தி. "போட்டாங்க" என்கிறேன், குரல் எனக்கே சாதாரணமாகக் கேட்கிறது, துணிக்கடியில் மட்டும் இரண்டு கையும் ஒன்றை ஒன்று நெரித்துக்கொள்கின்றன. நம் ஆட்கள் நிற்பது தண்டவாளத்து ஓரச் சுவரை ஒட்டி. ராயபுரத்து ஆட்கள் நிற்பது எதிர்ப்பக்கம், தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே. ஆகவே கிட்டத்தில் கத்தினால் நமக்கு நல்லது, தூரத்தில் கத்தினால் கெட்டது. இது அரிச்சுவடி. இதற்கு மேல் படிக்க நிறைய இருக்கிறது. எழும்பி பாதியில் அறுந்த சத்தம் என்றால் பந்து கம்பத்துக்கு வெளியே போய்விட்டது. அறுந்த பிறகு கைதட்டல் வந்தால் கோல்கீப்பர் தடுத்திருக்கிறாள். பல பேர் பல வார்த்தை கத்தினால் ரெஃப்ரி ஏதோ செய்திருக்கிறார், வார்த்தைகள் காதில் விழாவிட்டாலும் அவருடைய அம்மா சம்பந்தப்பட்டவை என்பது தாளத்திலேயே தெரியும். இப்படிக் கேட்டுக் கேட்டே எத்தனை வருஷத்து ஆட்டத்தை மனசுக்குள் ஆடிப் பார்த்திருக்கிறேன். அதில் ஒரு கர்வமும் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். கண்ணால் பார்க்கிறவன் எவனும் பார்க்கலாம், அதில் என்ன சாமர்த்தியம்? ஆனால் இந்தக் கோலை யார் போட்டது? அது மட்டும் சத்தத்தில் வராது. சங்கவியாக இருக்குமா? அவளாக இருந்தால் சத்தத்தில் கொஞ்சம் பொம்பளைக் குரல் கூடியிருக்கும், தெருப் பெண்கள் எல்லாம் அவளுக்காகப் போயிருக்கிறார்கள், கஸ்தூரியும் போயிருக்கிறாள். கூடியிருந்ததா? ஞாபகப்படுத்திப் பார்க்கிறேன். சத்தத்தைத் திரும்பக் கேட்க முடியவில்லை, நினைக்க நினைக்க நான் விரும்புகிற மாதிரி மாறிக்கொண்டே போகிறது.

டை கலக்குகிற கிண்ணத்தின் வாசனை. இந்த வாசனை வந்தால் மற்றவர்களுக்குக் கல்யாண வீடு ஞாபகம் வரும், எனக்கு ஃபைனல். காலையில் அவள் பூட்ஸுக்கு நாடா கோத்துக்கொண்டே கேட்டதுதான் சுற்றிச் சுற்றி வருகிறது. "ப்பா, மூன்லைட்ல எனக்கு இதான் கடைசி மேட்ச். தெரியுமில்ல?" "தெரியும்." "அடுத்த மாசத்துலர்ந்து கம்பெனி டீம். இந்த மஞ்ச ஜெர்சிய இனிமே போட மாட்டேன்." அம்பத்தூரில் ஒரு கம்பெனி, பெண்கள் டீம் வைத்திருக்கிறது, ஆடினால் வேலையும் தருகிறது, நல்ல விஷயம், நான்தான் சேரச் சொன்னேன். "வரியா?" என்றாள். நான் டீயை ஊதினேன். ஆறிப்போன டீயை எதற்கு ஊதினேன்? "நான் வந்தா என்னா ஆவும்னு உனக்குத் தெரியாதா?" என்றேன். "தெரியாது. எனக்கு வெவரம் தெரிஞ்சதுலர்ந்து நீ வந்ததே இல்ல. எனக்கு எப்டித் தெரியும்?" அவள் கேட்டதில் கோபம் இல்லை, அதுதான் என்னை அடித்துப் போட்டது. கஸ்தூரிக்குக் கோபம். அவள் அடுப்படியிலிருந்தே, "பொம்பளப் புள்ள அரை டவுசர் போட்டுக்கினு ஆடறது உனக்குப் புடிக்கல, அத்த நேராச் சொல்லிட்டுப் போயேன், எதுக்கு ராசி அது இதுன்ற?" என்றாள். சங்கவி தலையைத் தூக்கவில்லை. நாடாவை இழுத்து முடிச்சுப் போட்டாள். அப்படியென்றால் அவளும் அதைத்தான் நினைக்கிறாளா? இத்தனை வருஷமாகவா? நான் வராமல் இருப்பது அவள் ஜெயிக்க, அவள் அதை எந்தக் கணக்கில் எழுதி வைத்திருக்கிறாள்? சந்தில் அவள் சுவரைப் பார்த்துப் பந்தடிப்பதைப் பால்காரன் வருகிற நேரத்திலிருந்து பார்த்திருக்கிறேன், அந்த இடது கால் சத்தத்தை ஆயிரம் சத்தத்தில் தனியாகச் சொல்வேன். மைதானத்தில் பார்த்ததில்லை, ஒரு தடவைகூட. இன்றைக்குப் பார்க்காவிட்டால் என் கிளப்பின் மஞ்சள் ஜெர்சியில் என் பெண்ணை எந்தக் காலத்திலும் பார்க்கப் போவதில்லை. பார்த்தால் அவள் தோற்பாள். எது பெரிசு? ஜெயிக்கிற மகள் பெரிசா, பார்க்கிற அப்பன் பெரிசா? இப்படிக் கேட்டால் யாருக்கும் பதில் தெரியும், ஆனால் கேள்வியே தப்போ என்று ஒரு சந்தேகம், தலையில் டையின் குளிர்ச்சியோடு உள்ளே இறங்குகிறது.

இதெல்லாம் ஆரம்பித்ததே அவள் பிறந்த அன்றைக்குத்தான். அதுவரை நான் ஒரு மேட்ச் விட்டதில்லை. சின்ன வயசில் சுவர் ஏறிப் பார்த்தேன், வேலைக்குப் போன பிறகு ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு பார்த்தேன், ரயில் பெட்டிக்குப் பெயின்ட் அடித்த கையோடு போய் நின்றால் பக்கத்தில் இருக்கிறவன் மூக்கைப் பிடித்துக்கொள்வான். மூன்லைட் அந்தக் காலத்தில் ஜெயித்ததே அபூர்வம். பதினோரு பேர் சேராமல் கேரம் ஆடிக்கொண்டிருந்த ஒருத்தனைக் கூட்டிவந்து கோல் கம்பத்துக்கு நடுவில் நிறுத்திய வருஷம் ஒன்று. சாம்பியன் டீமை நடு மைதானத்தில் வைத்து அடித்து நொறுக்கிவிட்டு அடுத்த வாரம் கடைசி இடத்து டீமிடம் தோற்ற வருஷம் ஒன்று. அந்த வருஷம் மூன்று நாள் சோறு இறங்கவில்லை, கல்யாணமான புதிது, கஸ்தூரி எனக்கு வேறு எங்கோ பழக்கம் என்று நினைத்துக்கொண்டாள். ஃபைனல் வந்தது, அன்று அவளுக்கு வலி எடுத்தது. நான் ஆஸ்பத்திரி வராந்தாவில். குழந்தை பிறந்து கொஞ்ச நேரத்தில் லூர்து ஓடி வருகிறான், லூர்துசாமி, கிளப் செக்ரட்டரி, என்னோடு படித்தவன், கையில் கப்பு, பின்னால் நாலு பேர், நர்ஸம்மா விரட்டுகிறாள். "டில்லி, ஜெயிச்சிட்டோம்டா! நீ வரல, ஜெயிச்சிட்டோம்!" எல்லோரும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன், அதிகமாகவே சிரித்தேன், ஒரே நாளில் மகளும் கப்பும் யாருக்குக் கிடைக்கும். அடுத்த மேட்சுக்குப் போனேன், தோற்றோம். அதற்கடுத்ததும் போனேன், தோற்றோம். போகாமல் இருந்தேன், ஜெயித்தோம். லூர்து தோளில் கை போட்டு, "தப்பா நெனச்சிக்காத மச்சி, ஃபைனலுக்கு மட்டும் கொஞ்சம்…" என்று இழுத்தான், நான் எல்லா மேட்சுக்குமே போவதை நிறுத்திவிட்டேன். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான், எனக்குத் தெரியாதா? ஆனால் நான் காக்கையின் பக்கமிருந்து யோசித்துப் பார்த்திருக்கிறேன். உட்காரும்போதெல்லாம் பழம் விழுந்தால் காக்கை என்ன செய்யும்? சும்மா இருக்குமா? அதற்கும் ஒரு பயம் வராதா, பயத்தோடு கூடவே லேசாக ஒரு பெருமையும்?

தூரத்தில் சத்தம். தூரத்து இரைச்சல், காற்றில் நனைந்த மாதிரி. கிட்டத்தில் ஒன்றுமே இல்லை, நம் சுவர் பக்கம் மொத்தமாக வாயடைத்துப் போயிருக்கிறது. ராயபுரம் போட்டுவிட்டது. ஒன்றுக்கு ஒன்று. எத்திராஜ் என்னைப் பார்க்காமல் தலையைக் கழுவக் கூப்பிடுகிறான். தண்ணீர் காதுக்குள் போகிறது, வேண்டுமென்றே கொஞ்சம் உள்ளே விட்டுக்கொள்கிறேன், எதுவும் கேட்காமல் ஒரு நிமிஷம் இருக்கலாம் என்று. இந்த வயிற்றெரிச்சல் எதற்கு? மூன்லைட் எனக்கு என்ன செய்தது? நான் ஜென்மத்தில் ஒரு பந்தை ஒழுங்காக உதைத்ததில்லை, பள்ளிக்கூடத்தில் என்னைக் கடைசியாகத்தான் சேர்ப்பார்கள், அதுவும் ஆள் குறைந்தால். ஆனால் "போட்டுட்டோம்" என்கிறேன். "தோத்துட்டோம்" என்கிறேன். யார் தோற்றது? என் கால் தரையில் சும்மா கிடக்கிறது. சினிமா பார்த்துவிட்டு வந்து நாம் அவனை நன்றாக அடித்தோம் என்று எவனாவது சொல்வானா? கோயிலுக்குப் போகிறவன் சாமி நேற்று நன்றாக ஆடியது என்று சொல்வானா? இது இரண்டும் இல்லை, வேறு ஏதோ. என்னவென்று கண்டுபிடித்துவிட வேண்டும் என்று பல நாள் உட்கார்ந்து யோசித்ததுண்டு. எனக்குச் சம்பந்தமே இல்லாத ஒன்றில் எனக்குப் பங்கு வேண்டியிருக்கிறது, பங்கு கொடுக்க யாரும் இல்லை, கடைசியில் பேட்டை எனக்குக் கொடுத்த பங்கு இதுதான், ராசியில்லாதவன் என்கிற பங்கு. அதையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேனா? எத்திராஜ் துண்டால் தலையைத் துவட்டுகிறான், யோசனை அங்கேயே கலைந்துவிடுகிறது.

கழுத்தைப் பிடித்து ஒரு பக்கம் சொடக்கு எடுத்தான், மறு பக்கம் திருப்பும்போது வந்தது பாருங்கள் ஒரு சத்தம். கிட்டத்தில், நம் சுவரில், இதுவரை கேட்காத அளவு, விசில், கைதட்டல், பொம்பளைக் குரல், ஆம்பளைக் குரல், சின்னதுகள் கீச்சுக் கீச்சென்று, நடுவில் சிரிப்பு வேறு, அவ்வளவு சந்தோஷம். நிற்கவே இல்லை. "ரெண்டு!" என்று கத்திவிட்டேன். எத்திராஜ் என் கழுத்தை விட்டுவிட்டுத் தொடையில் தட்டுகிறான். இது சங்கவி போட்டதுதான். சந்தேகமே இல்லை. கோல் விழுந்து ஜனம் சிரிக்கிறது என்றால் சும்மா போட்ட கோல் இல்லை, கோல்கீப்பரை உட்கார வைத்துவிட்டு நடந்துபோய்ப் போட்ட கோல், அந்தக் குறும்பு அவளுக்குத்தான் உண்டு, சின்ன வயசில் சோறு ஊட்டும்போது வாயை இந்தப் பக்கம் காட்டி அந்தப் பக்கம் திருப்புவாளே. இடது காலில் தள்ளியிருப்பாள். எனக்குத் தெரிகிறது, கண்ணால் பார்த்த மாதிரித் தெரிகிறது, புழுதி, அவள் பின்னல் தோளில் புரண்டு விழுவது, ஓடிவந்து கட்டிப்பிடிக்கிற பெண்கள். கண் கலங்குகிறது, டை கண்ணில் பட்டுவிட்டது என்கிறேன், டை எப்போதோ கழுவியாகிவிட்டது. நான் வராததால்தான் இந்தக் கோல். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்த மாதிரியே இங்கே உட்கார்ந்து இதைப் பெற்றுக் கொடுத்திருக்கிறேன். அவளிடம் ராத்திரி சாப்பிடும்போது சொல்ல வேண்டும். என்ன சொல்வது?

சரி, இனி மோளம். மூன்லைட் ஜெயித்தால் மோளக்காரர்கள் மைதானத்துக்குள்ளேயே ஆரம்பித்துவிடுவார்கள், தண்டவாளம் தாண்டி இந்தச் சந்து வழியாகத்தான் ஊர்வலம் வரும், எத்தனை வருஷம் நான் சலூனுக்குள்ளேயே, கழுத்தில் துணியோடு, அவர்கள் போகிற வரையில் தனியாக ஆடியிருக்கிறேன். நேரமாகிவிட்டது, வெயில் எதிர்க் கடை போர்டிலிருந்து இறங்கிவிட்டது, மோளம் வரவில்லை. எத்திராஜ் என் முகத்தில் நுரை போடுகிறான். ஒரு பக்கம் வழித்துவிட்டான், மோளம் வரவில்லை. விசில் கேட்டது, நீளமான விசில், அது ஆட்டம் முடிந்த விசில் மாதிரிதான் இருந்தது. இரண்டுக்கு ஒன்று என்றால் மோளம் எங்கே? மோளக்காரர்கள் வரவில்லையா? வந்திருக்கிறார்கள், லூர்து காலையில் அவர்களுக்கு டிபன் வாங்கிக் கொடுத்ததைப் பார்த்தேன். அப்போது தூரத்தில் ஒரு சத்தம், சின்னது, கூர்மையானது. கொஞ்சம் அமைதி. கிட்டத்தில் ஒரு சத்தம், அதே அளவு. அமைதி. மறுபடி தூரத்தில். இந்தத் தாளம் எனக்குத் தெரியும், முதுகுத்தண்டுக்குத் தெரியும், இது பெனால்டி. மாற்றி மாற்றி உதைக்கிறார்கள். ஆனால் சமனாக முடிந்தால்தானே பெனால்டி? நாம் இரண்டு போட்டோமே? ராயபுரம் இரண்டாவது போட்டிருந்தால் எனக்குக் கேட்டிருக்குமே? எங்கே தப்பியது? எந்தச் சத்தத்தை விட்டேன்? முதலிலிருந்து கூட்டிப் பார்க்கிறேன், கிட்டத்தில் ஒன்று, தூரத்தில் ஒன்று, கிட்டத்தில் பெரிசாக ஒன்று, எத்தனை தடவை கூட்டினாலும் நாம்தான் ஜெயித்திருக்க வேண்டும். அப்போது பார்த்து ஒரு கூட்ஸ் வண்டி வருகிறது. வந்து, போகாமல், நடுத் தண்டவாளத்தில் நிற்கிறது, இஞ்சின் மட்டும் உறுமிக்கொண்டு. எல்லாம் போயிற்று. மைதானமே இல்லாத மாதிரி ஆகிவிட்டது.

இதுதான் எனக்குத் தாங்கவில்லை. தோற்றால் தாங்குவேன், தோற்றுப் பழக்கம். தெரியாமல் இருப்பதை எப்படித் தாங்குவது? "எத்திராஜ், எழுந்துக்கறேன்." "அண்ணே, ஒரு பக்கம்தான் ஆச்சி." "தெரியும்." "நீதான எழுந்திருக்க வுடாதன்னு…" "வுடுறா." துணியை அவிழ்த்துப் போட்டுவிட்டுச் சந்தில் ஓடுகிறேன், பாதி முகத்தில் நுரை. மைதானத்துக்குப் போகவில்லை, மேம்பாலப் படி வரைக்கும்தான், படி ஏறினால் தெரியும், பாலத்தின் மேல் நிற்பது மைதானத்தில் நிற்பது ஆகாது. பாலம் ரயில்வேயுடையது. சட்டம் மைதானத்துக்குப் போகக் கூடாது என்பதா, ஆட்டத்தைப் பார்க்கக் கூடாது என்பதா? இத்தனை வருஷத்தில் இதை யோசிக்காமல் விட்டிருக்கிறேனே. பார்ப்பதுதான் ராசியென்றால் கண்ணை மூடிக்கொண்டு மைதானத்து கேட்டுக்குப் பக்கத்தில் நிற்கலாம். போவதுதான் ராசியென்றால் பாலத்திலிருந்து கண்ணைத் திறந்தே பார்க்கலாம். எதிரில் வருகிற அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒதுங்கிப் போகிறாள். பாலத்தின் உச்சியிலிருந்து மைதானம் தெரிகிறது, கூட்ஸ் வண்டிக்கு மேலே, வேப்ப மரத்துக்குக் கீழே கொஞ்சம், மஞ்சள் ஒரு கொத்து, நீலம் ஒரு கொத்து. முகம் தெரியவில்லை. எது அவள் என்று தெரியவில்லை. சொந்த மகளை முதுகில் இருக்கும் நம்பரை வைத்துக் கண்டுபிடிக்கலாம், என்ன நம்பர்? வீட்டுக் கொடியில் காய்கிற ஜெர்சிதான், தினமும் அதற்குக் கீழே குனிந்து போகிறேன், நம்பர் ஞாபகமில்லை. வெட்கமாக இருந்தது. சட்டம் கிட்டம் எல்லாம் அதோடு போயிற்று, கால் பாட்டுக்கு அந்தப் பக்கப் படியில் இறங்குகிறது.

கேட்டில் முதலில் என்னைப் பார்த்தவன் லூர்து. வேறு யாரும் பார்த்திருக்க முடியாது, எல்லோரும் மைதானத்தைப் பார்த்து நிற்கிறார்கள், அவன் ஒருத்தன்தான் முதுகைக் காட்டி நிற்பான், பெனால்டி என்றால் அவன் பார்ப்பதில்லை, அது அவனுடைய சட்டம். அவன் முகம் வெளுத்துப்போகிறது. "டேய், நீ எங்க வந்த? போடா, போ, கையெடுத்துக் கும்புடறேன்." "என்னா ஸ்கோர்?" "நாலுக்கு நாலு. அவங்க அஞ்சாவதும் போட்டுட்டாங்க. நம்மள்து கடைசி. யாரு அடிக்கறா தெரியுமா?" தெரிந்தது. அவனுக்குப் பின்னால், வெள்ளைப் புள்ளியில் பந்தை வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்து நிற்கிறாள். ஏழு. அவள் நம்பர் ஏழு. இவ்வளவு உயரமா என் பெண்? வீட்டில் தலை குனிந்து குனிந்து நடப்பவள், இங்கே கூரை இல்லை. "திரும்பிக்கடா, பாக்காத" என்று லூர்து என் தோளைப் பிடித்து அழுத்துகிறான். திரும்பிக்கொள்ளலாம். இன்னும் நேரம் இருக்கிறது. கண்ணை மூடினால்கூடப் போதும். பயமாக இருக்கிறது, இருந்தாலும் அவள் எந்தக் காலை முதலில் வைப்பாள் என்று பார்க்க ஆசையாக இருக்கிறது, அவ்வளவுதான், வேறு பெரிய காரணம் எதுவும் சொல்ல எனக்குத் தெரியவில்லை. வலது காலை வைத்தாள். ஓடி வந்தாள். பந்து மேல்கம்பியில் பட்டு, 'டங்' என்று, வானத்துக்குப் போயிற்று.

அந்தச் சத்தம் சலூனுக்குக் கேட்காது. இத்தனை வருஷத்தில் நான் கேட்டதே இல்லை. லூர்து என் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டான், என்ன ஆச்சி என்று அவன் கேட்கக்கூட இல்லை. தூரத்தில், இல்லை, இப்போது அது தூரம் இல்லை, எதிரில்தான், ராயபுரம் கத்துகிறது. நம் சுவர் பக்கம் ஒருத்தர் ஒருத்தராக என் பக்கம் திரும்புகிறார்கள். "வந்தான் பாரு" என்கிறது ஒரு குரல். "கரெக்டா வந்துட்டான்யா." லூர்து தலையில் கை வைத்துக்கொண்டு, "அஞ்சு நிமிசம், அஞ்சு நிமிசம் அங்கயே குந்தினு இருந்திருக்கக் கூடாதா நீ?" என்கிறான், அழுகிற குரலில். என்னால்தான் என்று தலையை ஆட்டுகிறேன், அது எனக்குப் பழகிய ஆட்டம். சங்கவி நடந்து வருகிறாள். முட்டியெல்லாம் மண், கன்னத்தில் கோடு கோடாக வியர்வையா அழுகையா தெரியவில்லை. கஸ்தூரி ஓடிவந்து அவள் கையைப் பிடிக்கிறாள், அதை விலக்கிக்கொண்டு நேராக என் முன்னால் வந்து நிற்கிறாள். "சாரிமா, நான் வந்திருக்கக் கூடாது, என்னாலதான்" என்றேன். அவள் முகம் சிவந்துவிட்டது, காலையில் வராத கோபம் எல்லாம் இப்போது வந்தது.

"உன்னாலயா? நான் உன்னப் பாக்கவே இல்லப்பா. பந்தத்தான் பாத்தேன். அடியில உதச்சிட்டேன், மேல பூட்ச்சி. அது என் காலு. அதுல உனக்கு இன்னா வேல?" லூர்து ஏதோ சொல்ல வாயெடுத்தான். "நீங்க சும்மா இருங்க அங்கிள். ஃபைனல் வரைக்கும் வந்தோமே, அது எங்கப்பா சலூன்ல குந்தினு இருந்ததாலயா? காலையில அஞ்சு மணிக்கு எழுந்து ஓடனது யாரு?" திரும்பவும் என்னைப் பார்த்தாள். குரல் இறங்கியது. "ஜெயிச்சா நீ வராததால. தோத்தா நீ வந்ததால. அப்ப நான் எதுக்குப்பா நடுவுல? தோத்ததயாவது எனக்கே வுடு." எனக்குக் கன்னம் எரிந்தது, பாதி நுரை காய்ந்து இழுத்ததாலும் இருக்கலாம். அடி வாங்கின மாதிரிதான் இருந்தது, ஆனால் தோளிலிருந்து ஏதோ இறங்கின மாதிரியும் இருந்தது, எனக்கு அழுகை வந்தது, மறைக்கவில்லை. அவள் என் பாதி முகத்தைப் பார்த்துவிட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்துவிட்டாள். "இன்னாப்பா இது மூஞ்சி?"

சலூனுக்கே அவளும் வந்தாள். கஸ்தூரி வீட்டுக்குப் போய்விட்டாள், போகும்போது என்னைப் பார்த்து ஒன்றும் சொல்லாமல் போனதே பெரிய விஷயம். எத்திராஜ் புதிதாக நுரை போட்டான். கண்ணாடியில் எனக்குப் பின்னால் பெஞ்சில் அவள் பன்னீர் சோடாவோடு உட்கார்ந்து, பூட்ஸைக் கழற்றி, காலை நீட்டிக்கொண்டு, ஆட்டத்தை முதலிலிருந்து சொல்கிறாள். முதல் கோல் அவள் போடவில்லை, பாஸ் கொடுத்தது அவள். ராயபுரம் போட்டது ஃப்ரீ கிக். நான் காத்திருந்தேன். "அப்புறம் அந்த ரெண்டாவது கோல்" என்றேன், வாயை அதிகம் அசைக்காமல். "எந்த ரெண்டாவது?" "நம்மள்து. எல்லாரும் சிரிச்சி, விசிலடிச்சி, பெருசாக் கத்தனாங்களே. கோல்கீப்பர குந்த வச்சிட்டு நீ நடந்துபோய் போட்ட இல்ல?" அவள் பாட்டிலைக் கீழே வைத்தாள். "அய்ய, அது நாய்ப்பா. உள்ள பூந்து பந்தத் தள்ளினு போயி கோல்லயே போட்ச்சி. ரெஃப்ரி பின்னாலயே ஓட்றாரு, அது வுடல." எத்திராஜ் கத்தியை எடுத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான், தோள் குலுங்குவது தெரிந்தது. அந்த நாய்க்காக நான் கண் கலங்கினேனே. இத்தனை வருஷத்தில் நான் கேட்ட கோல்களில் இன்னும் எத்தனை நாய் இருக்கும் என்று அறிந்துகொள்ள இனிமேல் வழியே இல்லை. எனக்கு ஏனோ வருத்தமாக இல்லை, யாரையாவது பிடித்து ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும் போலிருந்தது.

"கம்பெனி டீம்ல மொத மேட்ச் எப்ப?" என்றேன். "அடுத்த மாசம். இதே கிரவுண்டுதான்." "யாரு கூட?" அவள் சோடாவைக் குடித்து முடித்து, பாட்டிலை ஆட்டிப் பார்த்துவிட்டு, கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள். "மூன்லைட்டு கூட. எந்தப் பக்கம் நிப்ப?" தண்டவாளத்துச் சுவர் பக்கமா, தண்ணீர்த் தொட்டிப் பக்கமா? நான் பிறந்ததிலிருந்து என்னை யாரும் இந்தக் கேள்வி கேட்டதில்லை, எனக்கும் கேட்டுக்கொள்ளத் தோன்றியதில்லை. யோசிக்க யோசிக்க அடி வயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்புகிறது. "வரேன்" என்றேன், "எங்க நிக்கறதுன்னு அங்க வந்து பாத்துக்கறேன்." "அண்ணே, சிரிக்காத" என்றான் எத்திராஜ், என் தாடையைப் பிடித்து நிமிர்த்தி, "தொண்டையில கத்தி கீது."